காலி வீட்டுக்குக் குடிவரும் கொழுப்பு

செல்களைக் கழுவி நீக்கிய திசுவில் புதுத் திசுவை வளர்க்க முயல்கிறது மருத்துவம்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் மூன்று கிலோ மீட்டருக்கும் மேல் ஆழமாகப் போன சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. வேலை போயிற்று, தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த லைன் வீடுகள் நின்றன. குடியிருப்பவர் மாறலாம். சுவரும் தெருவும் இருந்தால் இன்னொரு குடும்பம் வந்து அடுப்பு மூட்டும்.

உடலின் திசுக்களும் இப்படித்தான். செல்கள்தான் குடித்தனக்காரர்கள். கொலாஜன், லாமினின் போன்ற புரதங்களாலான சட்டகம்தான் வீடு. இது வெறும் சுவரல்ல. எங்கே ஒட்ட வேண்டும், என்னவாக வளர வேண்டும் என்று செல்லுக்குக் குறிப்பும் தருகிறது. இந்தச் சட்டகத்தைக் கொண்டு கொழுப்புத் திசுவை உருவாக்க முடியுமா என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி.

கொழுப்பைக் குறைக்கத்தானே ஊரெல்லாம் ஓடுகிறது? புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கும், தீக்காயத்தால் கன்னம் குழிந்தவருக்கும் தேவை நேர் எதிரானது. ஜெர்மன் அறுவை நிபுணர் குஸ்டாவ் நாய்பர் 1893-லேயே கையில் எடுத்த கொழுப்பை முகத்தில் வைத்துப் பார்த்தார். இன்றும் வயிற்றிலோ தொடையிலோ எடுத்துத்தான் வைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், வைத்ததில் கணிசமான பகுதி சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. ரத்தம் எட்டாத செல் பிழைப்பதில்லை.

புதிய வழி வேறு. அறுவை சிகிச்சையில் அகற்றிய கொழுப்பிலிருந்து செல்களையும் எண்ணெயையும் மரபுப் பொருளையும் கழுவி நீக்குகிறார்கள். மிஞ்சும் சட்டகத்தைத் தூளாகவோ கூழாகவோ ஆக்கி ஊசியால் செலுத்தலாம். அந்நியச் செல் இல்லாததால் உடல் அதை நிராகரிக்கும் அபாயம் குறைவு. நோயாளியின் சொந்த மூலச்செல்களே அதில் குடியேறிக் கொழுப்பாக மாறுகின்றன. அமெரிக்காவில், தானமாகக் கிடைத்த மனிதக் கொழுப்பில் தயாரித்த ‘ரெனுவா’ விற்பனைக்கு வந்திருக்கிறது. சிறு குழிகளை நிரப்பத்தான் அது.

இந்தியாவில் இந்த வித்தை தோலில் பலித்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, ‘கோலிடெர்ம்’ என்ற காயப் படலத்தை உருவாக்கியது. இறைச்சிக் கூடத்தில் வீசியெறியும் பொருள் அது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்ததாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. பத்தாயிரம் ரூபாய்ச் சிகிச்சைச் செலவு இரண்டாயிரமாகக் குறையும் என்பது அப்போது சொல்லப்பட்ட எதிர்பார்ப்பு.

தோல் மெல்லியது, மார்பகம் பருமனானது. நடுவில் இருக்கும் செல்லுக்கும் ரத்தக்குழாய் போய்ச் சேர வேண்டும். வீடு இருந்தால் போதாது, குழாயில் தண்ணீரும் வரவேண்டும் என்பதைத் தங்கவயல்வாசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொரு கவலையும் உண்டு: வளர்ச்சியைத் தூண்டும் இந்தச் சட்டகம், மிஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்லையும் தூண்டிவிடுமா? அதற்கு நீண்டகாலக் கண்காணிப்பே பதில் சொல்லும். அதற்குள் அழகு நிலையம் எதுவும் ‘உங்கள் கொழுப்பை வளர்க்கிறோம்’ என்றால், ஒப்புதல் சான்றைக் கேட்பது நல்லது.