கிணறுகளைக் கணினியில் இடுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினூடே தங்கும் மழைநீரையே கிணறுகள் எமக்குத் தருகின்றன. வளவுகள் சிறுத்துவிட்ட இக்காலத்திலே கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையேயுள்ள தூரமும் சுருங்கியமையை அன்பர்கள் அறிவர். எவ்வெக் கிணறுகள் குழியொன்றிலிருந்து 15 மீற்றருக்குள் உள்ளன? பெயரும் இலக்கமும் மட்டும் எழுதிய பதிவேடு இவ்வினாவுக்கு விடை தராது. இடத்தை இடமாகவே கொள்ளும் தரவுத்தளம் தரும்.

அதனை லினக்ஸ் கணினியில் அமைத்தற்குப் பணம் வேண்டுவதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே 1986 இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும், கனடாவிலே 2001 இல் முதன்முதல் வெளியிடப்பெற்ற போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் துணைப்பொருளும் இலவசமானவை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஆப்ட் என்னும் கட்டளை இரண்டையும் நிறுவித் தரும். ஆயினும், நிறுவியதனால் மட்டும் தளம் இடத்தை அறிந்துவிடாது. புதிதாக ஆக்கிய ஒவ்வொரு தரவுத்தளத்தினுள்ளும் ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஐஎஸ்’ என ஒருமுறை கட்டளையிடல் வேண்டும். இதனை மறந்து, நிறுவலிற் பிழையென்று கருதி நாம் அரைநாளை வீணாக்கினோம்.

அதனினும் பெரிய இடர் பின்னரே வந்தது. புள்ளியைக் கொடுக்குமிடத்து நெட்டாங்கு முன்னும் அகலாங்கு பின்னும் வரல் வேண்டும். புவியியல் வகுப்பிற் பயின்ற பழக்கத்தால் நாம் அகலாங்கை முன்வைத்தோம். யாழ்ப்பாண நகர் ஏறக்குறைய வடக்கு 9.67 பாகையிலும் கிழக்கு 80.01 பாகையிலும் உள்ளது. இவை இடம் மாறவே, எமது கிணறுகள் யாவும் வடதுருவத்தை அடுத்த சுவால்பார்ட் தீவுகளின் அயலிலே, பனிக்கடலிற் சென்று வீழ்ந்தன! கணினியோ ஒரு சொல்லும் முறையிடவில்லை. நிலப்படத்தில் இட்டுப் பார்த்தபின்னரே உண்மை புலனாயிற்று.

திருத்தியபின் வேறொரு சிக்கல். 4326 என்னும் எண்ணாற் குறிக்கப்படும் உலக முறையிலே அளவுகள் பாகையில் அமைந்தவை. ஆதலின், ஜியோமெட்ரி வகையிலே 15 எனக் கேட்டால், கணினி 15 பாகை என்றே கொள்ளும். குடாநாட்டுக் கிணறுகளெல்லாம் விடையாக வந்து நிற்கும். மீற்றரில் அளத்தற்கு ஜியோகிரபி வகையைக் கையாளலாம். அன்றேல் இலங்கைக்குரிய 5235 ஆம் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். கிணறுகள் ஆயிரக்கணக்கில் பெருகுமாயின் ஜிஸ்ட் என்னும் சுட்டியையும் அமைத்தல் நன்று.

கைத்தொலைபேசியின் இடங்காட்டி வெட்டவெளியிலும் 5 மீற்றர் வரை பிழைபடக்கூடும். ஆதலால், 15 மீற்றரை ஒட்டி வரும் கிணறுகளை அளவுநாடாவுடன் நேரிற் சென்று அளந்தே பதிந்துவருகின்றோம்.