‘மித்ராச்சி கோஷ்ட’: ஒரு மராத்தி நாடகமும் உள்ளே தங்கிவிட்ட வெறுப்பும்

மகாராஷ்டிரத்துக்குக் குடிவந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசக் கற்ற மராத்திதான் என்னை நாடகம் வரை கொண்டுவந்து விட்டது. சென்ற வருஷம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் விஜய் டெண்டுல்கரின் ‘மித்ராச்சி கோஷ்ட’ நாடகத்தை எடுத்துக்கொண்டோம். மராத்தி வராதவர்கள் கௌரி ராம்நாராயணின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தார்கள் (அவர் நம் கல்கியின் பேத்தி). படித்து முடித்ததும் ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்: “அப்போ இந்த மாதிரிப் பெண்கள் கடைசியில் இப்படித்தான் ஆவார்களா?” சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாடகம் 1981இல் மேடையேறியது. வினய் ஆப்டே இயக்கம். மித்ராவாக நடித்தவர் ரோகிணி ஹட்டங்கடி, மறு வருஷம் ‘காந்தி’ படத்தில் கஸ்தூர்பாவாக வந்தாரே, அவரேதான். கதை நடப்பது 1940களின் கல்லூரி ஒன்றில். மராத்தியில் இந்தத் தலைப்பை ‘நண்பனின் கதை’ என்றும் படிக்கலாம், ‘மித்ராவின் கதை’ என்றும் படிக்கலாம். கதையைச் சொல்பவன் பாபு, கூச்ச சுபாவமுள்ள மாணவன். சுமித்ரா என்கிற மித்ரா தற்கொலைக்கு முயன்று பிழைத்தவள். தனக்கு ஆண்களிடம் ஈர்ப்பு இல்லை என்பதை அவனிடம் மட்டும்தான் சொல்கிறாள். கல்லூரி நாடகத்தில் ஆண் வேஷம் போடும்போது உடன் நடிக்கும் நமா மேல் காதல் வருகிறது. பாபு தன் அறையை அவர்கள் சந்திக்கக் கொடுக்கிறான்.

இதற்குப் பிறகுதான் சங்கடம். நமாவுக்கு மன்யா தள்வி என்று ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். அவளைத் தன் சொத்து போல நடத்துகிறவன். மித்ராவும் ஏறக்குறைய அதையே செய்கிறாள். அடம், மிரட்டல், பிடித்தால் விடாத பிடி. நடுவில் அகப்பட்டவள் நமா. அவளுக்கு என்ன வேண்டும் என்று இருவருமே கேட்பதில்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் நானே இதைக் கவனித்தேன். முதல் முறை மித்ராவின் கண்ணீரிலேயே நின்றுவிட்டேன்.

மித்ராவின் பிடி எங்கிருந்து வருகிறது? ஊர் தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பார்த்து ‘சீ’ என்கிறது. அதே ‘சீ’யை அவளும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். வெளியிலிருந்து வந்த குரல் நாளடைவில் அவள் குரலாகவே ஆகிவிடுகிறது. மனோதத்துவத்தில் இதை உள்வாங்கிய வெறுப்பு என்கிறார்கள். தன்னைத் தானே அருவருக்கும் ஒருவருக்கு அன்பு காட்டும் ஆள் ஒரே ஒருவர்தான் என்று ஆகிவிட்டால், அந்த ஒருவரைப் போகவிட முடியாது. போனால் மிச்சம் இருப்பது அந்த அருவருப்பு மட்டும்தானே!

இன்னொன்று, ரகசியம். சாதாரணமாக ஒரு தம்பதிக்குள் சண்டை என்றால் மாமியாரோ பக்கத்து வீட்டு மாமியோ தலையிடுவார்கள். அது தொல்லைதான், ஆனால் ஒரு கண்காணிப்பும்கூட. நமா யாரிடம் போய் முறையிடுவாள்? முறையிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். ‘சொல்லிவிடுவேன்’ என்ற ஒரு வார்த்தையே போதும், அடிக்கத் தேவையில்லை.

ஜேம்ஸ் பால்ட்வினின் ‘ஜியோவானியின் அறை’ (1956) நாவலில் இதே நோய் எதிர்ப்பக்கமாகப் போகிறது. பாரிஸில் இருக்கும் அமெரிக்கன் டேவிட், தன்மேல் உள்ள வெட்கத்தால் ஜியோவானியைக் கைவிட்டுவிட்டுத் தன் வருங்கால மனைவியிடம் ஓடுகிறான். அவளுக்கும் உண்மையாக இல்லை. ஜியோவானி கொலைக் குற்றத்தில் மரண தண்டனை வரை போகிறான். ஒருத்தி விடாமல் பிடித்து வதைக்கிறாள், ஒருவன் விட்டு ஓடி வதைக்கிறான்.

இப்படிக் காரணம் சொல்வதால் மித்ரா செய்தது நியாயம் ஆகிவிடாது. நமா பட்டது பட்டதுதான். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில், ‘இல்லை’. மித்ரா கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறாள். அதற்கு அவள் ஈர்ப்பைக் காரணம் சொன்னால், பாபு உட்பட ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தியதை என்ன செய்வது? டெண்டுல்கர் பாபுவைக் கதைசொல்லியாக வைத்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த இரு பெண்கள் வழக்கில், ஈர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் செய்வதற்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன் தன் மனத்தில் இருந்த தப்பெண்ணங்களைப் புரிந்துகொள்ள அவரே ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார். அதையும் தீர்ப்பில் எழுதினார்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கினார், “என் பெண்ணும் படிக்கணும்னா” என்று. இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.