மாத வாடகையும் ஒரு மாத அறிவித்தலும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாளிகாவத்தையிலோ வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்திடம் ஒப்பந்தம் உண்டா என்று கேட்டால், “அப்படி ஒன்றும் எழுதவில்லை, மாதாமாதம் கொடுத்து வருகின்றோம்” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். எழுத்தில் எதுவும் இல்லாததால் தமக்கு உரிமையும் இல்லை என வாடகைக்கு இருப்போர் அஞ்சுகின்றனர். அதே காரணத்தால் நினைத்தபோது எழுப்பிவிடலாம் என உரிமையாளர் சிலர் எண்ணுகின்றனர். இரு தரப்பினரின் எண்ணமும் தவறானது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்படல் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு இந்த நிபந்தனை இல்லை. மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகை வாய்மொழியிலேயே செல்லுபடியாவது இதனாலேயாகும். முத்திரை ஒட்டிய தாளில் “ஓராண்டு” என எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. நொத்தாரிசு இன்றி எழுதப்பட்ட அத்தாள் ஓராண்டுக் குத்தகையாக நிற்காது. எனினும் வீட்டில் குடியேறி மாதந்தோறும் வாடகை செலுத்தி வருபவரை நீதிமன்றம் மாத வாடகையாளராகவே கருதும். பாடசாலை ஆண்டு முடியும்வரையேனும் வீடு உறுதியாக வேண்டும் என்போர் நொத்தாரிசுச் செலவை வீண் செலவாகக் கொள்ளலாகாது.

மாத வாடகையை முடிவுக்குக் கொண்டுவர ஒரு முழு மாத அறிவித்தல் தேவை. பிணக்குகள் பெரும்பாலும் எழுவது இங்கேதான். முதலாம் திகதி தொடங்கும் வாடகை மாதமாயின், மார்ச் 10ஆம் திகதி கடிதம் கொடுத்துவிட்டு ஏப்ரல் 10ஆம் திகதி வெளியேறச் சொல்ல முடியாது. முப்பது நாள் கடந்தாலும் அது வாடகை மாதத்தின் முடிவு அன்று. அவ்வாறான நிலையில் ஏப்ரல் 30ஆம் திகதியையே குறிப்பிடல் வேண்டும். வாடகை மாதம் 15ஆம் திகதி தொடங்கியிருந்தால் கணக்கும் 14ஆம் திகதியோடு முடியும். திகதி பிழைத்த அறிவித்தலை நம்பி வழக்குத் தொடுத்த உரிமையாளர், ஆண்டுகள் கழித்து அப்பிழையினாலேயே தோற்க நேரிடலாம். இவ்விதி வாடகையாளருக்கும் பொருந்தும். முன்னறிவித்தலின்றி ஓர் இரவில் சாமான்களை ஏற்றிச் செல்பவர் அடுத்த மாத வாடகைக்குப் பொறுப்பாளியாகலாம்.

அறிவித்தற் காலம் முடிந்தபின் செலுத்தப்படும் பணத்தை உரிமையாளர் வழமைபோல் வாடகையெனப் பற்றுச்சீட்டு எழுதிப் பெற்றால், புதிய வாடகை தொடங்கிவிட்டது என்ற வாதத்துக்கு இடமுண்டு. அதனாலேயே சட்டத்தரணிகள் அப்பணத்தை நட்டஈடாக ஏற்பதாகக் குறிப்பிடச் சொல்கின்றனர்.

வீடு விற்கப்பட்டால் என்ன ஆகும்? நமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் வாடகையாளரின் உரிமையை வாங்குபவரின் உரிமைக்கு முன் வைக்கிறது. புதிய உரிமையாளரும் முறைப்படி அறிவித்தல் கொடுத்தே ஆகவேண்டும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இதற்கு மேலும் பெரும் பாதுகாப்பை வழங்கியது. அதன்கீழ் வந்த வீடுகளில் அறிவித்தல் மட்டும் போதாது. வாடகை நிலுவை, உரிமையாளரின் நியாயமான தேவை போன்ற காரணமொன்றை நிரூபித்தல் வேண்டும். மாதம் 100 ரூபா என்ற நியம வாடகையை எல்லைக்கோடாகக் கொண்டு விதிகள் வகுக்கப்பட்டமையே அச்சட்டம் எக்காலத்துக்கு உரியது என்பதைக் காட்டும். 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம் அதன்பின் வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பலவற்றை அப்பாதுகாப்பிலிருந்து விலக்கியது. எனவே அயல்வீட்டு முதியவர் பல்லாண்டு எழுப்ப முடியாதவராக இருந்தார் என்பதை வைத்து, அண்மையில் குடிவந்தவர் தம் நிலையைக் கணிக்கக் கூடாது.

ஆயினும் எந்த வீடானாலும் உரிமையாளர் தாமே பூட்டை மாற்றவோ, சாமான்களை வெளியே எறியவோ அதிகாரம் பெற்றவர் அல்லர். வெளியேற்றும் ஆணையை மாவட்ட நீதிமன்றமே வழங்கும். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டு, அதனால் அமைதி குலையும் நிலை எழுந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்கீழ் உடைமையை மீளப் பெற வழியுண்டு. ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். உறவினர் வீடுகளில் தங்கிச் சமரசம் பேசிக்கொண்டே அந்த இரண்டு மாதத்தையும் இழந்துவிடுவோரே அதிகம்.

வாய்மொழி வாடகையில் சான்றாக நிற்பது பற்றுச்சீட்டு ஒன்றே. முற்பணத்துக்கும் தனியாக ஒன்று எழுதி வாங்குவதைச் சங்கடமாக நினைக்க வேண்டியதில்லை. எழுப்பும் நோக்கில் உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது நிலுவையென்ற குற்றச்சாட்டுக்கே இடமளிக்கும். உரிய திகதியில் காசுக்கட்டளையாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, அது திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காது வைத்திருத்தல் நன்று.