செங்கல்பட்டு சோதனையில் பிசிஜி ஏன் தோற்றது?

பிசிஜி தடுப்பூசி பற்றிப் படித்தால் ‘செங்கல்பட்டு’ என்ற பெயர் கண்டிப்பா வரும். ஆமாம், நம்ம செங்கல்பட்டுதான். 1968-71ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் சுமார் 2,60,000 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. ஏழரை வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவே இல்லை! பிரிட்டன் மாணவர்களிடம் அது நன்றாகவே வேலை செய்திருந்தது.

ஏன் இப்படி? பலரும் சொல்லும் விளக்கம்: நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் நிறைய உண்டு. உடம்பு முன்பே அவற்றோடு பழகிவிடுவதால் பிசிஜி புதிதாகச் சொல்லித்தர அதிகம் மிச்சமில்லை. பழைய டியூபர்குலின் தோல் பரிசோதனையும் இந்தச் சொந்தங்களைப் பார்த்துக் குழம்பும்.

1990களில் மரபணுக்களை ஒப்பிட்டார்கள், நம்ம பாஷையில் ‘டிஃப்’. பிசிஜியில் ஆர்டி1 என்ற துண்டே காணோம். அந்தத் துண்டு உருவாக்கும் புரதங்களை வைத்துத்தான் இன்றைய புதிய பரிசோதனைகள், ஊசி போட்டவரையும் கிருமி தொற்றியவரையும் பிரித்துச் சொல்கின்றன.

அப்போ பிறந்த குழந்தைக்கு இன்னும் ஏன் போடணும்? மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து குழந்தைகளை அது காக்கிறது. செங்கல்பட்டைக் காட்டி யாராவது வேண்டாம் என்றால் கேட்காதீங்க.