இடுக்குப் பிள்ளையார் காத்திருப்பார்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார் சந்நிதி உள்ளது. பின்புறம் நுழைந்து, ஒருக்களித்துத் தவழ்ந்து, முன்வாசல் வழியே வெளிவருவது மரபு. உடல்நோவு தீரும், பிள்ளைப்பேறு கிட்டும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அங்ஙனம் வேண்டிக் கருவுற்ற மருமகள் ஏழாம் மாதத்தில் இடுப்பு நோகிறது என்றால், மீண்டும் அங்கே அழைத்துச் செல்லப் பெரியவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவளுக்கு அப்போது அந்த இடுக்கு ஆகாது.

கர்ப்ப காலத்தில் இடுப்பெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் நெகிழ்கின்றன, சுமையும் கூடுகிறது. அடிவயிற்றின் கீழே முன்புறமும், முதுகின் அடியில் பின்புறமும் உள்ள மூட்டுகள் சீராக அசையாமல் வலிக்கின்றன. ஐவரில் ஒருவருக்கு இது வருவதாக மருத்துவம் கூறுகிறது. படியேறினாலும், படுக்கையில் புரண்டாலும் சுரீரென்று இழுக்கும். சிசுவுக்குத் தீங்கில்லை. எனினும் "நாங்கள் பெறாத பிள்ளையா?" என்று கேட்டுவிட்டால் அவள் வலியை மறைக்கத் தொடங்குவாள். அதுதான் ஆபத்து.

கோயிலின் உயர்ந்த கல்வாசற்படிகளைக் காலகட்டிக் கடப்பதும், சம்மணமிடுவதும், மண்டியிட்டு வணங்குவதும் இவ்வலியை மிகுவிக்கும். நின்றபடி கைகூப்பினால் போதும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலமும் வேண்டா. நினைத்தாலே முக்தி தரும் தலமல்லவா இது! பிள்ளையற்ற வல்லாள மகாராஜனுக்குத் தாமே மகனாகி, ஆண்டுதோறும் மாசியில் திதி கொடுக்கும் அண்ணாமலையார், ஒரு தாயை வலியோடு தவழச் சொல்வாரா?

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைக்க வேண்டும். புரளும்போதும் எழும்போதும் முழங்கால்களைச் சேர்த்தே திருப்ப வேண்டும். உடையை உட்கார்ந்து அணியட்டும். குடம் தூக்குவதையும் அரிவாள்மணை முன் குந்துவதையும் வேறொருவர் ஏற்கட்டும். இடுப்புப் பட்டையும் பயிற்சியும் மகப்பேறு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சொன்னபடியே அமைய வேண்டும். கைமருந்தும், கடையில் வாங்கும் வலி மாத்திரையும் கூடாது. உதிரப்போக்கு, காய்ச்சல், நீர்க்கடுப்பு, விட்டுவிட்டு வரும் வலி, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நாள் பாராமல் மருத்துவமனை செல்ல வேண்டும்.

பிரசவத்துக்குப்பின் பெரும்பாலோர்க்கு வலி படிப்படியாகக் குறைந்துவிடும். சிலருக்குச் சில மாதங்கள் நீடிக்கும். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து மாடவீதி வலம் வரும் பிரார்த்தனை இருந்தால், தந்தையும் தாத்தாவும் கரும்பைத் தோளில் ஏற்கட்டும். தாய் தன்னால் இயன்ற தொலைவு உடன் நடந்து வரலாம்.