பிளே-ஆஃப் வந்தால் ஊர் ஏன் தூங்குவதில்லை?

பொங்கல் முடிந்த வாரத்தில், தர்மபுரி மாவட்டத்தின் எந்தக் கிராமத்துப் பக்கம் போனாலும் இரவில் மைக் சத்தம் கேட்கும். கேழ்வரகு அறுத்த நிலத்தைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து இறுக்கி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். நான்கு மூலையிலும் ஃபோகஸ் லைட் எரியும். தெருமுனைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: மாபெரும் கபடிப் போட்டி, எடை இத்தனை கிலோவுக்குள், நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு. ஓசூரிலும் பெங்களூருவிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பண்டிகைக்கு ஊர் திரும்பியிருப்பார்கள். போட்டி முடிய விடிந்துவிடும். தோற்ற அணி அப்போதே வேட்டியைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்துவிடும். அதற்கு மறுவாய்ப்பு கிடையாது.

தொலைக்காட்சியில் ‘பிளே-ஆஃப்’ என்று சொல்வதும் இதைத்தான். பெயர்தான் புதிது. புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபின் அந்தச் சொல் நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது, அதற்காக ரசிகர்கள் ஏன் நாள் எண்ணிக் காத்திருக்கிறார்கள் என்பதைத் தமிழ் தலைவாஸ் அணியின் 2022-ஆம் ஆண்டுக் கதையை வைத்தே விளக்கிவிடலாம்.

லீக் சுற்று என்பது என்ன?

2022-இல் நடந்த ஒன்பதாவது சீசனில் 12 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள். வென்றால் ஐந்து புள்ளி, சமன் என்றால் மூன்று. தோற்றாலும் வித்தியாசம் ஏழு புள்ளிக்குள் இருந்தால் ஒரு புள்ளி கிடைத்தது. தோல்வி உறுதியான பிறகும் கடைசி ரெய்டு வரை ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்தியதற்கு இந்த ஒற்றைப் புள்ளியே காரணம். எட்டில் தோற்பதை ஏழாகக் குறைத்தால் பட்டியலில் ஓரிடம் மேலே போகலாம்.

லீக் சுற்று பொறுமையை வளர்ப்பது. இன்று தோற்றால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். காயம்பட்டவன் திரும்பி வரலாம், பயிற்சியாளர் ஆட்டத்தை மாற்றிப் பார்க்கலாம். அந்த சீசனில் 22 ஆட்டங்கள் முடிந்ததும் முதல் ஆறு இடங்களைப் பிடித்த அணிகள் மட்டும் மிஞ்சின.

பிளே-ஆஃப் எப்படி நடந்தது?

அந்த ஆண்டு முறை இதுதான். முதல் இரண்டு இடத்து அணிகள் நேராக அரையிறுதிக்குப் போய்விடும். மூன்றாம் அணியும் ஆறாம் அணியும், நான்காம் அணியும் ஐந்தாம் அணியும் ‘எலிமினேட்டரில்’ மோதும். வென்றவர்கள் அரையிறுதியில், ஓய்வெடுத்துக் காத்திருக்கும் முதல் இரண்டு அணிகளைச் சந்திப்பார்கள். ஆக, முதலிடத்துக்காரர் கோப்பைக்கு இரண்டு ஆட்டம் வென்றால் போதும். ஐந்தாம் இடத்துக்காரர் மூன்று வெல்ல வேண்டும். மூன்றில் எதில் சறுக்கினாலும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஐபிஎல் கிரிக்கெட் இதிலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபடும். அங்கே முதல் இரண்டு அணிகள் தங்களுக்குள் மோதும். தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. நம் ஊர்ப் போட்டியிலோ யார் யாரோடு மோதுவது என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானிக்கிறார்கள். ஒற்றைப்படையில் அணிகள் வந்தால் ஒருவருக்கு ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, கிடைக்கும். பலமான இரண்டு அணிகள் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டால் அது சீட்டின் விதி. புரோ கபடியில் ‘பை’ அதிர்ஷ்டத்தில் வருவதில்லை. லீக் ஆட்டங்களில் உழைத்துச் சம்பாதித்ததற்கான கூலி அது.

இந்த முறை நிலையானதும் அல்ல. 2025-இல் நடந்த 12-ஆவது சீசனில் எட்டு அணிகளுக்கு வழி திறந்து, ஐந்து முதல் எட்டு வரையான இடங்களில் உள்ளவர்களுக்குத் தகுதி ஆட்டங்களையும் சேர்த்தார்கள்.

தலைவாஸ் ரசிகர்கள் காத்திருந்த ஐந்து ஆண்டுகள்

தமிழ் தலைவாஸ் 2017-இல் லீக்குக்கு வந்தது. முதல் நான்கு சீசன்களில் ஒரு முறைகூட பிளே-ஆஃபைத் தொடவில்லை. 2022-இல் 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து பவன் செராவத்தை எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத விலை. அக்டோபர் 8-ஆம் தேதி குஜராத் ஜெயன்ட்ஸுடன் முதல் ஆட்டம், பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில். பெங்களூரு புல்ஸ் அணியின் நட்சத்திரமாக பவனைக் கொண்டாடிய அதே ஊர். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எதிரணி வீரரைப் பிடிக்கப் போனவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அந்த சீசனில் அவர் மறுபடி ஆடவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

அதோடு கதை முடிந்ததென்றே பலரும் நினைத்தார்கள். சீசனின் நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். அதுவரை அதிகம் கேள்விப்படாத இளைஞர் நரேந்தர், ரெய்டுக்கு ரெய்டு புள்ளி கொண்டுவந்தார். அணி மெல்ல ஏறி ஐந்தாம் இடத்தில் முடித்தது. வரலாற்றில் முதல் பிளே-ஆஃப்.

டிசம்பர் 13, செவ்வாய்க்கிழமை, மும்பையில் யூ.பி. யோத்தாஸுடன் எலிமினேட்டர். நாற்பது நிமிடம் முடிந்தபோது 36-36. ஆட்டம் டை-பிரேக்கருக்குப் போனது. அதில் யாரும் ‘அவுட்’ ஆகி வெளியே போவதில்லை. ஏழு பேரும் களத்திலேயே நிற்பார்கள். இரு அணிகளும் மாறி மாறி ஐந்து ரெய்டுகள் போகும். வழக்கமாகத் தாண்டியே ஆக வேண்டிய ‘பாக் லைனை’த் தாண்டினாலே போனஸ். எனவே ஒவ்வொரு காலடிக்கும் விலை உண்டு. 6-4 என்று தலைவாஸ் வென்றது.

அடுத்த இரண்டு நாள்களைத்தான் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். தர்மபுரிக்காரர்களுக்கு அதில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. தலைவாஸின் ஊரான சென்னை நமக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பெங்களூரு அதில் பாதிகூட இல்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே வேலையில் இருக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். அந்த வாரம் பெங்களூரு புல்ஸும் எலிமினேட்டரில் வென்றிருந்தது. டிசம்பர் 15 இரவு இரண்டு அரையிறுதிகள்: ஒன்றில் ஜெய்ப்பூருடன் பெங்களூரு, மற்றதில் புனேரி பல்தானுடன் தலைவாஸ். இரண்டும் வென்றால் இறுதி ஆட்டமே சென்னைக்கும் பெங்களூருவுக்கும் நடுவில், ஏறக்குறைய நம் வாசலில் நடப்பதுபோல் ஆகியிருக்கும்.

அது நடக்கவில்லை. பெங்களூரு 49-29 என்று பெரிய வித்தியாசத்தில் வீழ்ந்தது. தலைவாஸ் முதல் பாதியில் முந்தியிருந்தும் 39-37 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. மறுநாள் மார்கழி பிறந்தது. ஓய்வெடுத்துக் காத்திருந்த முதல் இரண்டு அணிகளே இறுதிக்குப் போக, 17-ஆம் தேதி ஜெய்ப்பூர் கோப்பையை வென்றது. பட்டியலில் மேலே முடிப்பதன் மதிப்பை விளக்க இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உலகின் மறுகோடியிலும் இதே தவிப்பு

அமெரிக்காவில் இந்தத் தவிப்பு கல்லூரிகளைச் சுற்றி நடக்கிறது. அங்கே ‘ஃபுட்பால்’ என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பருவத்தின் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கு ‘பௌல்’ என்று பெயர். கிண்ணம்போல் வடிவமைந்த மைதானங்களிலிருந்து வந்த சொல் அது. புகழ்பெற்ற ரோஸ் பௌலின் முதல் ஆட்டம் 1902-இல் நடந்தது.

அங்கே வெகுகாலம், நாட்டின் சிறந்த அணி எது என்பதைப் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்தே சொன்னார்கள். சண்டை ஓயவில்லை. 2014 பருவத்தில் நான்கு அணிகளின் பிளே-ஆஃப் வந்தது. 2024 பருவத்திலிருந்து அது 12 அணிகளானது. அந்த முதல் ஆண்டில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பரம வைரியான மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்று ரசிகர்களின் கோபத்துக்கு ஆளானது. ஆனாலும் 12 பேரில் ஒருவராக உள்ளே நுழைந்து, 2025 ஜனவரி 20 அன்று நாட்டர் டேம் அணியை 34-23 என்று வென்று பட்டம் சூடியது. பழைய முறையாக இருந்தால் அந்தத் தோல்வியோடு அவர்கள் கதை முடிந்திருக்கும்.

அங்கும் இங்கும் ரசிகன் எதிர்பார்ப்பது ஒன்றே: வாக்கோ வாயோ தீர்மானிக்க வேண்டாம், களம் தீர்மானிக்கட்டும். அப்படித் தீர்ப்பு வரும் இரவு ஒன்றே ஒன்று என்பதால்தான் அதற்கு முந்தைய இரண்டு நாளும் தூக்கம் வருவதில்லை.

நம் களத்துக்கும் அந்த ஆவல் வேண்டும்

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் மண்ணில் பாடி வளர்ந்த தர்மராஜ் சேரலாதன், 2016-இல் பாட்னா அணியின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இவர்கள் யாரும் தொலைக்காட்சியிலிருந்து இறங்கி வரவில்லை. ஏதோ ஒரு தெருவின் களத்தில், ஏதோ ஒரு கூட்டம் கைதட்டியபோது வளர்ந்தவர்கள்.

மண்ணில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு, ஷூ போட்டு ‘மேட்’ விரிப்பில் ஆடுவது வேறு ஆட்டம்போலவே இருக்கும். சறுக்கும் விதம் வேறு, கால் ஊன்றும் விதம் வேறு. லீக் ஆட்டங்கள் எல்லாம் ‘மேட்’ விரிப்பில்தான். திறமை இருந்தும் தேர்வுக்குப் போய்த் திரும்பிவரும் பிள்ளைகள் பலருக்கு இடறுவது இங்கேதான்.

ஆகவே பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் தலைவாஸுக்காக விழித்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர்க் களத்துக்கும் அதே ஆவலோடு வாருங்கள். கடைசி அணி ஆடி முடிக்கும்வரை இருங்கள். போட்டி நடத்தும் குழுக்கள், வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு செட் கபடி மேட் வாங்கிக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். நாளைய பிளே-ஆஃபில் நம் மாவட்டத்துப் பெயர் ஒன்று ஒலிக்க வேண்டுமென்றால், அதற்கான லீக் சுற்று நம் ஊரில்தான் தொடங்க வேண்டும்.