ஏரிகள் பெற்ற ஆறு

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். அந்த ஊரை ஒட்டித்தான் அடையாறு ஓடுகிறது.

காவிரிக்குக் குடகு, தாமிரபரணிக்குப் பொதிகை. அடையாற்றுக்கு அப்படி ஒரு மலை கிடையாது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர்தான் அதன் பிறப்பு. முடிச்சூர் ஓரமாக வந்து, திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கமாக நகர்ந்து, சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் புகுந்து கடலுக்குப் போகிறது. மொத்தமே சுமார் 42 கிலோமீட்டர். நெல் விளைவிப்பதற்காக நம்மவர்கள் வெட்டிய ஏரிகள் சேர்ந்து ஓர் ஆற்றையே உருவாக்கியிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் சம்பா கதிர் முற்றாது. அடுத்து நவரை நடவே கிடையாது. ஏரி அமைத்தவர்கள் ஆழமாகத் தோண்டவும் முனையவில்லை. நிலம் கிழக்கே மிக மெல்லச் சரிகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் ஒரு மண்கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். வரத்துக்கால் வழியாக மழைநீர் தானே வந்து சேரும். கரைக்குக் கீழே ஆயக்கட்டு வயல்கள். அந்த வயல்களின் வடிநீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. ஒரே தண்ணீர் பல ஊர் நெல்லுக்குப் பாய்ந்த பிறகுதான் ஆற்றுக்குப் போகும்.

இதில் உயிர்நாடி கலங்கல். மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை சில மணி நேரத்தில் அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் கரையின் ஒரு பகுதியை மட்டும் சற்றுத் தாழ்த்தி, கல் பதித்துக் கட்டி, மிச்சத் தண்ணீர் அதன் வழியாகவே வெளியேறும்படி செய்தார்கள். சில கலங்கல்களின் மேல் வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். மழைக்காலம் ஓயும் வேளையில் அவற்றின் இடைவெளியைப் பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்து, கூடுதலாகச் சில அடி நீர் தேக்குவார்கள். பெருமழை வந்தால் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பதில் மேல் ஊரும் கீழ் ஊரும் ஒத்துப்போயாக வேண்டும். இதே தொண்டை நாட்டில், உத்திரமேரூர் மகாசபை ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கக் குடவோலை முறை வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தது; கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை.

இந்த ஏரிச் சங்கிலி வெள்ளத்தையும் தணிக்கும். மேல் ஏரி நிறைந்த பிறகே கீழ் ஏரிக்கு வெள்ள நீர். அகன்ற நீர்ப்பரப்பு வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். எல்லா ஏரியும் ஏற்கெனவே நிறைந்து நின்றால் மட்டும் அந்தக் காப்பு இல்லை. 2015 நவம்பர் மழை அத்தனையையும் நிரப்பியிருந்தது. டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி திறக்கப்பட்டது. ஆற்றோர ஊர்கள் மூழ்கின, விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. வயலாக இருந்தவரை ஓரிரு நாள் தண்ணீர் நின்று வடிந்த தாழ்நிலங்களில், அப்போது வீடுகள் இருந்தன.

ஆயக்கட்டு மனைகளாகிவிட்ட பிறகு ஏரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பல்லாவரம் மலையிலும் பரங்கிமலையிலும் தெரியும் சார்னோக்கைட் பாறைதான் இந்தப் புறநகரின் அடியிலும் கிடக்கிறது. கெட்டியான பாறை அது; விரிசல்களிலும் மேலே உளுத்த அடுக்கிலும் மட்டுமே நீர் தங்கும். தார்ச்சாலையில் விழும் மழை ஒரே நாளில் ஓடிவிடும், அந்த விரிசல்களுக்குள் இறங்க அதற்கு நேரம் போதாது. ஏரி அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது. ஒரு வயல்கூட இல்லாத ஏரியும், சுற்றியுள்ள தெருக்களின் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் நீர் ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறது.